அக்கா வீட்டுக் கிணறு

என் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மேலே ஓர் ஆணியில் இரண்டு சுரைக்குடுக்கைகள் தாழத் தொங்குகின்றன. முற்றிக் காய்ந்த முழுக் காய்கள். ஒரே கயிற்றின் இரண்டு முனைகளிலும் கட்டியவை. வருகிறவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்பார்கள். மின்சார வேலைக்கு வந்த ஒருவர், இது என்ன வாத்தியம் என்று கேட்டார். எடுத்து ஆட்டிக் காட்டினேன். உள்ளே விதைகள் கலகலவென்றன. "அவ்வளவுதானா?" என்று ஏமாந்து போனார். அவருக்குச் சொல்ல நேரமில்லை. அவருக்குக் கேட்கவும் நேரமில்லை. நீச்சல் தெரியாதவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதற்கு ஒரு காலத்தில் இதுதான் துணை. அந்த இரண்டு காய்களும் என்னையும் என் அம்மாவையும் மிதக்க வைத்தவை.

நாங்கள் இருந்தது எடப்பாடிக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளிய ஒரு தோட்டத்தில். மேட்டூரில் அணை கட்டி முடித்திருந்த காலம். பெரியவர்கள் அந்த அணையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். எங்கள் கம்புக்கும் மிளகாய்க்கும் பாய்ந்தது என்னவோ கிணற்றுத் தண்ணீர்தான். சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் எதிரே கிணறு. சதுரமாகப் பாறையில் வெட்டியது. பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகளில் இறங்கிப் போக வேண்டும். மேலே கைப்பிடிச் சுவர் கிடையாது. எருது பூட்டிக் கவலை இறைக்கிற கிணற்றுக்குச் சுவர் வைக்க முடியாது. எருதுகள் சரிவில் இறங்கிச் சால் என்கிற தோல் பையை மேலே இழுக்கும், பிறகு பின்னாலேயே நடந்து கிணற்று விளிம்பு வரை வந்து நிற்கும். விடிகாலையிலிருந்து வெயில் ஏறும் வரை உருளை கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம் பிடிக்கும். சத்தம் நின்றுவிட்டால் கிணறு மட்டும் இருக்கும்.

கிணற்று மேட்டில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருக்கும். அவை கன்னிமார். தண்ணீரைக் காக்கிற ஏழு பெண் தெய்வங்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லாக் கிணற்றடியிலும் கும்பிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் எட்டாவதாக ஒரு சின்னக் கல் இருந்தது. மற்றவற்றுக்குப் பாதி உயரம்கூட இருக்காது. அதற்கும் மஞ்சள் பூசுவார்கள், அதற்கும் பூ வைப்பார்கள். ஏன் எட்டு என்று நான் கேட்டதில்லை. குழந்தைகள் எல்லாவற்றையும் கேட்டுத் துளைப்பார்கள் என்பது பாதிதான் உண்மை. பயமாக இருப்பதைக் கேட்க மாட்டார்கள்.

பயத்தை எனக்கு ஊட்டியவர்களில் முதல் ஆள் அம்மா. அம்மா பிறந்தது ஜலகண்டாபுரத்துக்குப் பக்கம், மழையை நம்பி விதைக்கிற மேட்டுக்காட்டு ஊரில். அங்கே தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பது. வாய் திறந்து கிடக்கிற இந்தக் கிணற்றை அவள் ஒரு நாளும் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. தண்ணீருக்குப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டே சாலிலிருந்து கொட்டும் தொட்டியில் மொண்டுகொண்டு வருவாள். "கெணத்துப் பக்கம் போனீன்னா கன்னிமாரு புடிச்சு இழுத்துக்குவாங்க, சாமி" என்பது எனக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்டது. வேலை மும்முரமான நாளில் பழைய சேலைக் கிழிசலை என் இடுப்பில் கட்டி, மறுமுனையை உரலில் கட்டிவிடுவாள். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்கும் எனக்கும் அந்த வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவாவது கத்தும். நான் கத்தவில்லை. கட்டியிருக்கும்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

பெரியவர்கள் கொடுத்த பயத்தை நான் என் பங்குக்குச் செப்பனிட்டு வைத்திருந்தேன். ஏழு பேரும் பெரியவர்கள். அவர்கள் என்னை எதற்காகப் பிடிக்க வேண்டும்? பிடிப்பது அந்தச் சின்னக் கல்தான். அதற்கு விளையாட ஆள் இல்லை. என் உயரத்துக்கு ஒரு ஆள் தேடிக்கொண்டு இருக்கிறது. நான் வளர வளர அதன் கண்ணில் படாமல் இருப்பது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. வேப்பமரத்தைத் தாண்டிப் போக நேர்ந்தால் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு நடப்பேன்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பாவுக்குக் கம்மஞ்சோறு கொண்டுபோக வேறு ஆள் இல்லை. தூக்குப்போசியை என் கையில் கொடுத்து, வேலி ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். வேலி ஓரம் முழுக்க நெருஞ்சி. நான் குறுக்கு வழியில் போனேன். வேப்பமரத்தடிக்கு வந்ததும் சின்னக் கல்லின் மேல் புதுப் பூ இருந்ததைப் பார்த்துவிட்டேன். அது என்னைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடினேன். நான் கண்ணை மூடினால் அதற்கும் கண் தெரியாது என்பது என் கணக்கு. அப்பா அப்போது சரிவில் எருதுகளை ஓட்டிக்கொண்டு வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கிணற்று விளிம்பில் அவர் பாய்ந்து வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்த வேகத்தில் நான் மண்ணில் விழுந்தேன். தூக்குப்போசி கிணற்றில் விழுந்தது. அது தண்ணீரில் மோதுகிற சத்தம் வர வெகு நேரம் ஆனதாக எனக்குத் தோன்றியது. அப்பா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் அம்மாவிடம் சொன்னார்: "ஆடி பதினெட்டு கழியட்டும். புள்ளைய மாமன் ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வாரேன். பெரிய மனுசி ஆகற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். ரெண்டாவதையும் இந்தக் கெணத்துக்குக் குடுக்க என்னால ஆகாது." எனக்கு மாமன் வீட்டுக்குப் போவது பற்றி அழுகை வந்தது. அம்மா இல்லாமல் தூங்கி எழுந்த நாள் எனக்குத் தெரியாது. ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒரு சொல் முள்ளாகத் தைத்தது. நான் ரெண்டாவது என்றால் முதலாவது யார்?

மறுநாள் காலையில் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "கண்ண எதுக்கு சாமி மூடுன?"

"அது பாத்துருமில்ல."

"எது?"

"அந்தக் குட்டிக் கல்லு. எட்டாவது கன்னிமாரு. அதுக்கு வெளையாட ஆளு இல்ல. என்னயப் புடிச்சு இழுத்துக்கும்."

சீப்பு என் தலையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அடித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

"அது கன்னிமாரு இல்ல, கண்ணு," என்றாள். "அது உங்கக்கா."

எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கவும் ஓடவும் தெரிந்த வயதில் அந்தக் கிணற்றில் விழுந்து போய்விட்டது. கல்யாணம் ஆகாத பெண் தண்ணீரில் போனால் அவளும் கன்னிமாரோடு சேர்ந்துவிடுகிறாள் என்று எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அப்பாவே ஒரு கல்லைத் தேர்ந்து கொண்டுவந்து அந்த வரிசையில் நட்டாராம். அவளை யாரும் மறக்கக் கூடாது, வருஷா வருஷம் அவளுக்கும் வளையலும் பூவும் கிடைக்க வேண்டும் என்பதற்காக நட்ட கல். அதன் பிறகு வீட்டில் ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் பிறந்தேன். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று கன்னிமாரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். அந்த வரிசையில் தங்கள் பெண்ணும் நிற்கிறாள் என்பதை அவர்கள் இருவருமே யோசிக்கவில்லை. செத்துப்போன மகளை உயிரோடு இருக்கிற மகள் பேய் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள் என்று அன்று காலையில்தான் என் அம்மாவுக்குத் தெரிந்தது. நானே ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்த பிறகுதான் அந்தச் சீப்பு ஏன் நின்றது என்று எனக்கு விளங்கியது.

ஆடி பதினெட்டுக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கிணற்றிலேயே வளர்ந்தவள் என்று சொல்ல வேண்டும். நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகினாள் என்று அப்பா கேலி செய்வார். வழக்கம்போலக் கன்னிமாருக்குக் காதோலை, கருகமணி, பச்சை வளையல் எல்லாம் வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிட்டோம். அப்பா எருதுகளுக்குத் தீனி போட அக்கட்டால், தோட்டத்தின் மறுபக்கம், போனார். அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் போய், அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது நீச்சல் பழகிய சுரைக்குடுக்கைகளை ஒட்டடையோடு எடுத்து வந்தாள்.

"அம்மிணி, இத எப்புடிக் கட்டறதுன்னு காட்டுங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏனுங்க நங்கை, தலைக்குத் தண்ணி ஊத்தறதுக்கே கண்ண மூடிக்கற ஆளு நீங்க. ஆருக்கு இது?"

"எனக்குத்தான். நானு எறங்கறேன். புள்ளையும் எறங்குவா. அதுக்கப்புறம் அவள மாமன் ஊட்டுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு உங்கண்ணங்கிட்ட நாம் பேசிக்கறேன்."

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிவிட்டு, குடுக்கைகளை அம்மாவின் முதுகில் வைத்துக் கயிற்றை மார்புக்குக் குறுக்கே இறுக்கி முடிச்சுப் போட்டாள். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"வா சாமி. உங்கக்கா ஊட்டுக்குப் போலாம்."

அந்தப் படிகளில் நான் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். அம்மாவும் அப்படித்தான். நடுப்பகல் வெயில் செங்குத்தாக இறங்கித் தண்ணீரில் விழுந்திருந்தது. தண்ணீருக்கு மேலே இருந்த கடைசிப் படியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவள் கழுத்தளவு இறங்கினாள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அத்தை முன்னால் நீந்திக்கொண்டு, "காலை உதைங்க நங்கை, மாவு பெசையற மாதிரி கைய வீசாதீங்க," என்றாள். அம்மா தண்ணீரைக் குடித்தாள், இருமினாள், கன்னிமாரைக் கூப்பிட்டாள், அத்தையை ஏதோ திட்டினாள். அந்த நிலைமையிலும் "ஆகாதுங்க", "உடுங்க" என்று மரியாதை குறையாமல் திட்டினாள். நான் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் காதை மூட முடியவில்லை. அவள் உதைக்கும்போதெல்லாம் முதுகில் விதைகள் கலகலத்தன. சத்தம் தள்ளிப் போயிற்று. நின்றது. பிறகு திரும்பி என்னை நோக்கி வந்தது. கண்ணைத் திறந்தேன். அம்மா சிரித்துக்கொண்டு இருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள். தண்ணீருக்குள் இருக்கிறவர்களிடம் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

நடுக்கிணற்றில் அவள் நின்றது எதற்கென்று அடுத்த தடவை தெரிந்தது. அங்கே போனதும் கையைத் துழாவிக்கொண்டே நின்று, என் அக்காவின் பெயரைச் சொன்னாள். சத்தமாக, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. நான் அதுவரை கேட்டறியாத பெயர். கிணறு அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது காகிதத்துக்கு உரியதில்லை.

குடுக்கைகள் என் முதுகுக்கு மாறின. தண்ணீருக்குள் படியில் நின்ற அம்மாவின் கை என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. எப்போது அந்தக் கை விலகியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குள் மேலே நிழல் விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் அப்பா விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"கவலை ஓட்டோணும். ஏறி வாங்க," என்றார்.

அவ்வளவுதான். எருதுகளைப் பூட்டும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார் என்று அத்தை பிற்பாடு சொன்னாள். மாமன் வீட்டுப் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

பயம் ஒரே நாளில் போகவில்லை. கரைந்து கரைந்துதான் போயிற்று. முதலில் தண்ணீரின் மேல் பாதி வெதுவெதுப்பாகவும் காலடியில் ஜில்லென்றும் இருப்பது பிடித்தது. பிறகு மீன் குஞ்சுகள் குதிகாலைக் கடிப்பது பிடித்தது. சால் ஏறும்போது அதிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் தலையில் மழையாக விழும். அதற்காகவே அப்பாவிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அடியில் போய் நிற்பேன். ஈச்ச மரத்திலிருந்து தூக்கணாங்குருவிக் கூடுகள் தண்ணீருக்கு நேர் மேலே ஆடும். மல்லாந்து கிடந்துகொண்டு அவற்றைப் பார்த்தபடியே அக்காவிடம் பேசுவேன். தோட்டத்தில் எந்த மாடு ஈன்றது, அத்தை என்ன பலகாரம் கொண்டுவந்தாள், எனக்குத் தம்பி பிறந்திருக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு என்னால்தான் தெரியும் என்று நினைப்பு. சண்டை போட்டுக்கொண்டு வீட்டில் கோபித்துக்கொண்டால் நேரே கிணற்றுக்குத்தான் போவேன். "எங்கடி போற?" என்று அம்மா கேட்டால், "எங்கக்கா ஊட்டுக்கு" என்பேன். "போ, போ, அவளாச்சும் உன்னயக் கட்டி மேய்க்கட்டும்," என்பாள். அப்படிக் கேலியாக அவளைப் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வாய் வந்துவிட்டதே, அதுதான் எனக்கு இன்றும் அதிசயம்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் பஞ்சமாக இருந்தபோது, என்னைச் சேலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது அம்மா சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் குடுக்கைகளையும் வைத்தாள். சேலத்தில் பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் குழாயில் வரும் என்று எல்லோரும் பெருமையாகப் பேசிய காலம். "அங்க கெணறே இல்லியேம்மா, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அங்க போறதுக்கு இல்ல, சாமி. இங்க வாரதுக்கு," என்றாள்.

நான் வந்தேன். ஒவ்வொரு ஆடிக்கும் வந்தேன். கூந்தல் நரைத்த பிறகும் அம்மாவும் நானும் இறங்கிக்கொண்டுதான் இருந்தோம். அவள் கடைசி வரை குடுக்கை இல்லாமல் நீந்தவில்லை. பயம் போகவில்லை என்று என்னிடம் ஒரு தரம் ஒத்துக்கொண்டாள். பயத்தோடுதான் இத்தனை வருஷமும் இறங்கியிருக்கிறாள். எனக்குப் பயம் போய் ஆசை வந்தது. அவளுக்குப் பயம் போகாமலே ஆசை வந்தது. எது பெரிது என்று எனக்குத் தெரியும்.

அம்மாவும் போய், அப்பாவும் போய், அத்தையும் போய், தம்பியும் போய்விட்டான். தோட்டத்தில் இப்போது இருப்பது தம்பி மகன். ரிக் வண்டி வந்து ஆழ்துளை போட்ட பிறகு கிணற்றில் ஊற்று அற்றுப்போயிற்று. ஆடு, மாடு விழுகிறது, மூடிவிடலாம் என்று இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினான். போனேன். பாறை தெரிய வறண்டு கிடந்தது. அவ்வளவு ஆழம் இருந்ததா அது என்று இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அம்மாவைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கற்களைப் பிடுங்கி, வேலி ஓரத்தில் கட்டிய புது மேடையில் நட்டுக்கொண்டிருந்தான்.

"கன்னிமாரு ஏழு பேருதானுங்களே, அத்தை? இந்தச் சின்னக் கல்லு எதுக்குங்க?"

"அது எங்கக்காடா."

அவன் கையில் வைத்திருந்த கல்லைச் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பன்னா எனக்கும் அத்தைதானுங்க," என்று சொல்லி, அதையும் வரிசையின் கடைசியில் நட்டு, மண்ணைக் காலால் மிதிக்காமல் கையால் அணைத்தான். கல்லைப் பற்றி எனக்கு இனிக் கவலை இல்லை.

பெயர்தான் மிச்சம். அதைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்தி. சொல்லிக் கூப்பிடக் கிணறு இல்லை. என் குளியலறையில் ஒரு சிமெண்ட்டுத் தொட்டி இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில், தொட்டி பாதி நிறைந்ததும் குழாயை நிறுத்திவிட்டு, வயதான இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு குனிந்து, அந்தப் பெயரைச் சொல்கிறேன். கிணறு இரண்டு தரம் திருப்பிச் சொல்லும். தொட்டி ஒரு தரம்தான் சொல்கிறது. போதும். கதவைத் திறந்து வெளியே வரும்போது தலை பட்டுக் குடுக்கைகள் ஆடும். நான் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். விதைகள் கலகலக்கும். அம்மா அக்கரையிலிருந்து என்னை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருப்பாள்.